கறியா, பருப்பா: வாணியம்பாடியில் ஒரு குடும்ப வழக்கு

2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடக்கும் என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆட்டுக்கறி பிரியாணி உண்டு, கோழி பிரியாணி உண்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறியை விலக்கியதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. எதைத் தின்பது என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி இந்தப் பகுதியில் எவ்வளவு சூடானது என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

வேறு ஊர்களில் இறைச்சியா தாவர உணவா என்ற விவாதம் உடல்நலத்திலோ பருவநிலையிலோ தொடங்கலாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கும் பாலாற்றங்கரையில் அப்படித் தொடங்க முடியாது. இங்கே தட்டில் இருக்கும் கறிக்கும், பதனிடும் ஆலைக்கு வரும் தோலுக்கும், வீட்டுக்கு வரும் கூலிக்கும் உறவு உண்டு. “கறியை விடுங்கள்” என்று ஒருவர் சொன்னால், சொல்பவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது வீண் வேலை.

எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு நடக்கிறது. என் அக்கா மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். வீகன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். என் மாமா தோல் மண்டியில் கணக்குப் பார்த்தே வயதானவர். “கறி தின்னாத உடம்புல தெம்பு எங்கிருந்தும்மா வரும்?” என்பது அவர் முதல் கேள்வி. “பால் வேணாம், கறி வேணாம், காலுல போட்டிருக்கிற செருப்பு?” என்பது இரண்டாவது. “ரெக்சின்தான் தாத்தா” என்று அவள் சொன்னால், “அது பிளாஸ்டிக்தானே கண்ணு, அது மண்ணுல மக்குமா?” என்று அடுத்ததைக் கேட்பார். மாமாவின் கேள்விகள் ஒவ்வொன்றும் நல்ல கேள்விகள். அவளுடைய கவலைகளும் உண்மையானவை. இருவர் பக்கமும் இருக்கும் சான்றுகளை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் வழக்கம் எது என்பதில் பெரிய ஐயம் இல்லை. 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களில் 97 விழுக்காட்டுக்கும் மேலானோர் அசைவம் உண்பவர்கள். அதே கணக்கில் ராஜஸ்தானில் நான்கில் மூவர் சைவம். பழைய நூல்களும் இதையே காட்டுகின்றன. அந்தணராக அறியப்படும் கபிலர், தம் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனுக்குக் காரணம் சொல்லும் புறநானூற்றின் 14-ஆம் பாட்டில், கறியும் சோறும் உண்பதையே தம் தொழிலாகச் சொல்கிறார். இன்னொரு பக்கம் திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் முழுவதும் புலால் மறுத்தல். 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார், கொல்லாமையைப் பசித்தவருக்குச் சோறு போடுவதோடு சேர்த்தார். ஆக, கறி உண்பதும் தமிழ் மரபு, மறுப்பதும் தமிழ் மரபு. வீகன் என்ற பெயர் புதிதாக வந்திருக்கலாம். உயிர் கொல்லக் கூடாது என்ற நினைப்பு நகரத்துப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த சரக்கு அல்ல என்பதை மாமா ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மரபைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துப் பேச வேண்டும். இந்த நாட்டில் சைவம் வெறும் உணவுப் பழக்கமாக மட்டும் இருந்ததில்லை. அது மேல், கீழ் என்ற அளவுகோலாகவும் இருந்திருக்கிறது. தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உண்பதோடு தொடர்புபடுத்தி அம்பேத்கர் 1948-இல் ஒரு தனி நூலே எழுதினார். சென்னையில் இன்றும் “சைவம் மட்டும்” என்று சொல்லி வாடகை வீட்டை மறுக்கிறார்கள். அங்கே கேட்கப்படுவது உணவு அல்ல, சாதியும் மதமும்தான். 2015-இல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்ற வதந்தியின் பேரில் ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள். 2017 மே மாதம், சந்தைகளில் கால்நடைகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுக்கும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. அந்த மாத இறுதியிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. சந்தை நின்றால் பச்சைத்தோல் வராது, பச்சைத்தோல் வராவிட்டால் ஆலையில் வேலை இல்லை. இதையெல்லாம் பார்த்து வாழ்ந்த ஒருவரிடம் போய் “கறியை விடுங்கள் தாத்தா” என்றால், அவர் காதில் அது மருத்துவ அறிவுரையாக விழாது.

எனவே என் முதல் தீர்ப்பு இது: தாவர உணவுக்காக வாதாடுகிறவர், மாட்டுக்கறி உண்பவரை இழிவாகப் பார்க்கும் பார்வையை வெளிப்படையாக மறுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். அதைச் செய்யாமல் எத்தனை ஆராய்ச்சிகளை அடுக்கினாலும் எதிரில் இருப்பவரின் மனம் திறக்காது.

இனி மாமாவின் முதல் கேள்விக்கு வருவோம். தெம்பு.

புரதத்தைப் பற்றி இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, ஆட்டுக்கறியிலும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று தாவரப் பக்கத்தினர் சொல்வார்கள். உண்மை. ஆனால் அது வேகாத பருப்பின் கணக்கு. வெந்தால் பருப்பு தண்ணீரை உறிஞ்சி இரண்டு மூன்று மடங்காகப் பெருகும். ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் பருப்பு ஒரு பிடிகூட வராது. பருப்பை ஊற்றிக்கொள்கிறோம், உண்பதில்லை என்பதுதான் நம் வீடுகளின் நிலை. அதே சமயம், பருப்பில் குறையும் ஒரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவது பருப்பில் இருக்கிறது. இட்லியும் பொங்கலும் அந்தக் குறையைத் தாமே நிரவிக்கொள்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம். பருப்பு, சுண்டல், நிலக்கடலை, மீல் மேக்கர் ஆகியவற்றை மனம் வைத்துச் சாப்பிட்டால் இதை எட்டலாம். மனம் வைக்காமல் ரசமும் அப்பளமுமாக ஓட்டினால் எட்டவே முடியாது. கறியை விட்டவர்களில் பலர் கறியை மட்டும் விடுகிறார்கள், அதன் இடத்தில் எதையும் வைப்பதில்லை. மாமா பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயம் சரியானது.

இரும்புச்சத்து விஷயத்தில் மாமாவின் வாதம் இன்னும் வலுவானது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல். இறைச்சியில் இருக்கும் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பில் சிறு பகுதியே உடலில் சேரும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் வெளுத்துப்போன பெண்ணுக்கும் நம் பாட்டிமார் ஆட்டின் சுவரொட்டியை (மண்ணீரலை) வாட்டிக் கொடுத்தது அனுபவ அறிவு. ஆனால் அதே புள்ளிவிவரம் வேறு ஒன்றையும் சொல்கிறது. ஏறக்குறைய எல்லாரும் அசைவம் உண்ணும் மாநிலத்தில்தான் பாதிப் பெண்களுக்கு இரத்தசோகை. அசைவக் குடும்பம் என்பதாலேயே அந்த வீட்டுப் பெண்ணின் தட்டில் கறி விழுந்துவிடுவதில்லை. வாரத்துக்கு ஒருநாள் வாங்கும் கறியில் நல்ல துண்டுகள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன பிறகு, கடைசியாக உட்காரும் பெண்ணுக்குக் குழம்புதான் மிஞ்சும். கறியா பருப்பா என்று சண்டை போடும் முன், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது நல்லது. தாவர உணவு உண்பவர்கள் முருங்கைக்கீரையோடும் பயறோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைக் கெடுக்கும். எங்கள் ஊரில் இந்தப் பழக்கத்தை மாற்றுவது கறியை மாற்றுவதைவிடக் கடினமாக இருக்கலாம்.

வைட்டமின் பி12 பற்றிப் பேசும்போது மழுப்பக் கூடாது. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் பி12 கிடையாது. முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்துதான் அது கிடைக்கிறது. இதில் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் 1980-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதச் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிரிகள் பி12-ஐத் தாமே தயாரிக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். மிகக் குறைவாக விலங்குணவு உண்ணும் தென்னிந்தியர் பலர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்ற புதிருக்கு அது ஒரு விளக்கமாக அமைந்தது. “குடலே தயாரித்துக்கொள்ளும், மாத்திரை எதற்கு?” என்று சிலர் இதை வைத்து வாதம் செய்கிறார்கள். அது ஆபத்து. இந்தியாவில் சைவ உணவினரிடம் பி12 குறைபாடு பரவலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பி12 குறைந்த தாயின் பாலை மட்டுமே குடித்து வளரும் கைக்குழந்தைக்கு வளர்ச்சி நின்று, கை கால் நடுக்கம் வரும் ஒரு நோய் இந்தியக் குழந்தை மருத்துவர்களுக்குப் பழக்கமானது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் பெரியவர்களுக்குக் குறைபாடு தெரியவே சில ஆண்டுகள் ஆகும். அக்கா மகளிடம் நான் உறுதியாகச் சொன்னது இதைத்தான்: பாலும் முட்டையும் இல்லாத உணவு என்றால் பி12 மாத்திரை கட்டாயம். அதில் கொள்கைக்கு இடமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் பள்ளி நாள் ஒவ்வொன்றும் முட்டை. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். யாரையும் கட்டாயப்படுத்தாமல், யாருடைய தட்டையும் பழிக்காமல் செய்த ஏற்பாடு இது. வேறு சில மாநிலங்களில் முட்டையை வைத்து நடக்கும் சண்டைகளைப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

உடலுக்குத் தேவையானதைப் பார்த்தோம். கெடுதலையும் பார்க்க வேண்டும். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. சிவப்பு இறைச்சி என்றால் மாட்டுக்கறி மட்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஆட்டுக்கறியும் அதில் சேரும். அன்றாடம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடும் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. இது சாசேஜும் சலாமியும் தினமும் தின்னும் நாடுகளுக்கு அதிகம் பொருந்தும். வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ கறி எடுக்கும் வாணியம்பாடி வீட்டுக்கு அதே அளவில் பொருந்தாது.

பிரிட்டனில் 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சைவ உணவினருக்கு இதய இரத்தக்குழாய் நோய் 22 விழுக்காடு குறைவாகவும், பக்கவாதம் 20 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த கட்டுரையில், பாலும் முட்டையும் விட்டவர்களுக்கு எலும்பு முறிவு கூடுதல் என்று தெரிந்தது. அமெரிக்காவின் அட்வென்டிஸ்ட் திருச்சபையினரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் சைவ உணவினரின் இறப்பு விகிதம் 12 விழுக்காடு குறைந்திருந்தது. இவர்கள் புகையையும் மதுவையும் பொதுவாகத் தவிர்ப்பவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள் என்பதால் உணவின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுப்பது எளிதல்ல. ஆய்வாளர்களும் அதற்கு ஈடுகட்டித்தான் கணக்குப் போடுகிறார்கள், ஆனாலும் மிச்சம் இருக்கும். இரண்டு பக்கத்தாரும் தமக்கு ஏற்ற வரியை மட்டும் எடுத்து வீசிக்கொள்ள இந்த ஆய்வுகளில் நிறையவே இருக்கிறது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது நம் நாட்டுக் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வின்படி (2023), இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. அதே குழு 2025-இல் வெளியிட்ட உணவு ஆய்வில், இந்தியர் உண்ணும் சக்தியில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. அந்த மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு அல்லது பால் புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய் வாய்ப்பு குறையும். சிவப்பு இறைச்சிப் புரதத்தை வைத்தால் அந்தப் பலன் தெரியவில்லை. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் இதே திசைதான். நாள் ஒன்றுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், இறைச்சி, 400 கிராம் காய்கறி என்று அது தட்டை வகுத்துக் கொடுக்கிறது.

இந்த அளவுகளை எங்கள் ஊர் பிரியாணித் தட்டோடு வைத்துப் பாருங்கள். சீரகச் சம்பா சோறு குவியலாக இருக்கும். கறி இரண்டு மூன்று துண்டு. கத்தரிக்காய் ஒரு கரண்டி, வெங்காயப் பச்சடி ஒரு கரண்டி, சில கடைகளில் தால்சா. குஸ்கா வாங்குபவருக்குக் கறியும் இல்லை, வெறும் சோறுதான். சைவம் உண்ணும் வீட்டுத் தட்டும் இப்படியே, சோற்றுக் குவியலின் மேல் சாம்பார். கறி தின்னும் மாமாவும் கறி தின்னாத அக்கா மகளும் ஒரே நோயின் வாசலில் நிற்கிறார்கள் என்றால் காரணம் அந்தக் குவியல்தான். மாமாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. கறியை ஆதரித்து அவர் பேசும் வேகத்தில் பாதியைச் சோற்றைக் குறைப்பதில் காட்டினால் போதும் என்று அவருடைய மருத்துவரே சொல்கிறார். இந்த விவாதத்தில் நான் சொல்ல விரும்பும் ஒன்று இதுதான். தமிழ்நாட்டில் கறியா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. சோறு எவ்வளவு, பருப்பும் காயும் எவ்வளவு என்பதே முதல் கேள்வி.

அக்கா மகளின் வலுவான வாதம் உடல்நலம் அல்ல, பூமி. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 2023 மதிப்பீட்டில், மனிதர் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 12 விழுக்காடு கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது. 2018-இல் சயன்ஸ் இதழில் பூர், நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தார்கள். ஒரே அளவு புரதத்துக்கு, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடு பட்டாணியைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பவாயுவை வெளியிடுகிறது என்று அதில் தெரியவந்தது. இந்த வித்தியாசத்தை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. காட்டை அழித்துச் சோயா விளைத்து மாட்டுக்குப் போட்டு, அந்த மாட்டைத் தினமும் உண்ணும் நாடுகள் தங்கள் பழக்கத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

நம் ஆடு அப்படி வளர்வதில்லை. ஏலகிரி அடிவாரத்திலும் சவ்வாது மலைச் சரிவிலும் அறுவடை முடிந்த நிலத்திலும் மேய்ந்து, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கைச்செலவுக்கும் அவசரத்துக்கும் உதவுவது அது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மீத்தேன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய நெல் வயலும் மீத்தேன் விடுகிறது. கறியை விட்டுவிட்டு அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டுக்கொள்பவர் பூமிக்குச் செய்த நன்மை கொஞ்சம்தான். சவ்வாது மலையில் விளையும் சாமையும், மானாவாரியில் வரும் கொள்ளும் துவரையும் தட்டுக்கு வந்தால் நன்மை பெரிது. அவை நம் நிலத்துக்கும் நம் மழைக்கும் ஏற்றவை.

பாலைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழக்கு முடியாது. கறியைத் தொடாமல் மூன்று வேளையும் பாலும் தயிரும் நெய்யும் உண்பவர் தம் தட்டில் கொலை இல்லை என்று நம்புகிறார். பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். கன்றுகளில் பாதி காளை. டிராக்டர் வந்த பிறகு காளைக்கு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. பால் வற்றிய மாட்டைச் சும்மா வைத்துத் தீனி போட இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தால் ஆகாது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை உரிய சான்றோடு அறுக்க இடம் தருகிறது. அந்த மாட்டின் இறைச்சி ஏழை வீட்டுக்குப் போகிறது. தோல் எங்கள் ஊருக்கு வருகிறது. பால், கறி, தோல் மூன்றும் ஒரே மாட்டின் வாழ்க்கை. காபி குடித்துக்கொண்டே மாட்டுக்கறிக்காரரைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. இந்த இடத்தில் பாலையும் சேர்த்து விட்ட அக்கா மகள் நேர்மையானவள். காந்தியும் இதை உணர்ந்தவர். தென்னாப்பிரிக்காவிலேயே பாலை விட்டார், பாலுக்கு ஈடான தாவர உணவைத் தேடினார், கிடைக்கவில்லை. கடும் நோய்க்குப் பிறகு ஆட்டுப்பாலை ஏற்றுக்கொண்டதைத் தம் மனத்தை உறுத்தும் விஷயமாகச் சுயசரிதையில் எழுதினார். இன்று பி12 மாத்திரையும் சோயாப்பாலும் கிடைப்பதால் அவள் வேலை அவர் வேலையைவிட எளிது.

தோலின் கணக்கும் எளியதல்ல. அறுத்த ஆட்டின், மாட்டின் தோலைப் பதனிடாவிட்டால் அது அழுகும் கழிவு. அந்த வகையில் தோல் தொழில் அது வீணாவதைத் தடுக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிச் செருப்பு ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள், அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் பாலாறு கொடுத்த விலையை மாமாவின் தலைமுறை நேரில் பார்த்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழ ஊன்றியதற்கு நம் கிணறுகளின் உப்பும் ஒரு காரணம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, வாணியம்பாடியில் வாணிடெக் இயங்குகிறது. ஆனாலும் 2025 ஜனவரியில் இதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், பிறகு குரோமியம் வந்தது. கெட்டது ஆற்றில் கலந்த கழிவால், மக்கள் கறி தின்றதால் அல்ல. ஊரே நாளை கறியை விட்டாலும் வெளியூர்த் தோல் இங்கே வரும். ரெக்சின் செருப்புக்கு மாறினாலும் பிளாஸ்டிக் குப்பை வேறொரு ஊரின் ஆற்றில் சேரும். இதில் மாமா சொல்வதே சரி.

மீதி இருப்பது இரக்கம். ஆய்வுகளால் அளக்க முடியாத கேள்வி இது. ஓர் உயிரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை என்று ஒருத்தி சொன்னால் அதற்கு எதிர்வாதம் கிடையாது. பக்ரீத் அன்று குர்பானி கொடுத்துக் கறியில் ஒரு பங்கை ஏழைக்கும் ஒரு பங்கை உறவுக்கும் பிரிக்கும் மனிதர், தோலை மதரஸாவுக்குக் கொடுக்கும் மனிதர், தாம் இரக்கமற்றவர் என்று ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை. இரண்டும் ஒரு தெருவில் இருக்கலாம், ஒரு வீட்டிலும் இருக்கலாம். விட்டுக்கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. புரட்டாசி முழுக்கக் கறி எடுக்காத வீடுகள் இங்கே நிறைய. தவக்காலத்தில் கறி விடும் கிறிஸ்தவ வீடுகள் உண்டு. ரமலானில் நோன்புக் கஞ்சி கறி போட்டும் காய்ச்சப்படுகிறது, வெறும் பாசிப்பருப்போடும் காய்ச்சப்படுகிறது. ருசியில் இரண்டுமே கஞ்சிதான். அக்கா மகள் புதிய கொள்கையாகப் பேசுவதை இந்த நாட்களின் வழியாகப் பேசினால் மாமாவுக்கு அது அந்நியமாகப் படாது.

இரு பக்கச் சான்றுகளையும் பார்த்த பிறகு என் முடிவைச் சொல்கிறேன். கறி உண்பவர் கறியை விட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளோடு நிறுத்தி, முட்டையும் மீனும் பருப்பும் கூட்டி, சோற்றைக் குறைத்தால் போதும். பதப்படுத்திய இறைச்சியை வீட்டுக்குள் விடாமல் இருப்பது நல்லது. தாவர உணவுக்கு மாறுகிறவர் மாறலாம், மாறுவது மதிப்புக்குரிய முடிவு. ஆனால் திட்டம் வேண்டும், பயறு வேண்டும், மாத்திரை வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது. கைக்குழந்தையின் மேல் யாரும் தங்கள் கொள்கையைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

திருமணப் பந்திகளை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காய்கறி சாப்பிடுகிறவருக்குக் கறி எடுத்துவிட்ட பிரியாணியைப் போட்டு அனுப்பாதீர்கள். எண்ணெய்க் கத்தரிக்காயும் தால்சாவும் செய்யத் தெரிந்த ஊர் இது. எலும்பு போடாத தால்சா ஒரு அண்டா தனியாக வைத்தால் கறி உண்பவர்களும் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கிறார்கள். கறி உண்ணும் வீடானாலும் உண்ணாத வீடானாலும், வெளுத்துப்போய் வரும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பி12 அளவைப் பார்த்து, குறைந்தால் மாத்திரையோ ஊசியோ இலவசமாகத் தர வேண்டும். திருப்பத்தூர் மாவட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.